மாஸ்க் ஏன் தீர்ந்துபோச்சு? அடுத்த தடவையும் தீருமா?

போன எபிசோட்ல டேட்டாபேஸ் பேக்கப் பற்றிப் பேசினோம். இன்னைக்கும் ஒரு வகையில் பேக்கப் பற்றித்தான், ஆனால் சர்வர் இல்லை, மாஸ்க். "இன்னுமா மாஸ்க்?" என்று நீங்கள் ஸ்கிப் பட்டனைத் தேடுவது தெரியுது. ரெண்டு நிமிஷம் பொறுங்க.

என் அக்கா ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். 2020 ஏப்ரலில் எங்கள் வீட்டு பால்கனிக் கொடிக்கயிற்றில் அஞ்சு காக்கி கவர் கிளிப் போட்டுத் தொங்கும். திங்கள், செவ்வாய், புதன் என்று ஒவ்வொன்றிலும் ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருப்பாங்க. ஒவ்வொரு கவரிலும் ஒரு என்95 மாஸ்க். திங்கள்கிழமை போட்டதை அடுத்த திங்கள்கிழமைதான் மறுபடி எடுப்பாங்க, அதுக்குள்ள மேலே ஒட்டின கிருமி செத்துடும் என்ற கணக்கு. மூணாவது வாரம் ஒன்றின் எலாஸ்டிக் தொளதொளன்னு ஆயிடுச்சு. ஸ்டேப்ளர் பின் அடித்து இறுக்கிப் போட்டுக்கொண்டு நைட் டியூட்டிக்குக் கிளம்பினாங்க. நான் வீட்டில் உட்கார்ந்து, ஒரு ஷாப்பிங் ஆப்பில் கூப்பன் பாக்ஸ் எந்தப் பக்கம் இருக்கணும் என்று மீட்டிங்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஸ்டேப்ளர் பின் எனக்கு மறக்கவே இல்லை. பிளாஸ்டிக் துணியும் ரப்பரும் சேர்ந்த ஒரு சின்னப் பொருள். உலகம் முழுக்க அது ஏன் ஒரே நேரத்தில் இல்லாமல் போனது? இதைக் கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் மாஸ்க்குக்குள் என்ன இருக்கு என்று பார்த்துடலாம். நம்மில் பலர் அதை ஒரு சல்லடை மாதிரி நினைக்கிறோம்: ஓட்டை சின்னது, கிருமி பெரியது, அதனால் மாட்டிக்கும். அப்படி இல்லை. உண்மையிலேயே அவ்வளவு சின்ன ஓட்டை வைத்தால் நம்மால் மூச்சே விட முடியாது. என்95-இன் நடு அடுக்கில் இருக்கும் துணிக்கு மெல்ட்ப்ளோன் என்று பெயர். டிபன் பாக்ஸ் செய்கிற அதே பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கை உருக்கி, வரிசையாக நுண்ணிய துளைகள் இருக்கிற ஒரு அச்சு வழியாகத் தள்ளி, வெளியே வரும்போதே அசுர வேகத்தில் சூடான காற்றை அடிப்பார்கள். திருவிழாவில் பஞ்சு மிட்டாய் சுத்துவதைப் பார்த்திருப்பீங்களே, கிட்டத்தட்ட அது. சில மைக்ரான் மட்டுமே தடிமனான இழைகள் குறுக்கும் நெடுக்குமாக விழுந்து ஒரு துணியாகும்.

முக்கியமான வேலை அதுக்கு அப்புறம்தான். அந்தத் துணிக்கு நிரந்தரமாக நிற்கிற மாதிரி ஒரு மின்னூட்டம் ஏற்றுவார்கள். சின்ன வயசில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கை இழுப்போமே, அதே விசை. பக்கத்தில் போகிற துகளை இழை தானே இழுத்து ஒட்டிக்கொள்ளும். அதனால் துணியில் நிறைய இடைவெளி விடலாம், மூச்சும் முட்டாது. இந்த மின்னூட்ட முறையை அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர் பீட்டர் சாய், தைவானில் பிறந்தவர். 2020-இல் ரிட்டயர் ஆகியிருந்த மனிதர், மாஸ்க்கை எப்படிப் பாழாக்காமல் மறுபடி பயன்படுத்துவது என்று கேட்டு உலகமே அவருக்கு மெயில் அனுப்ப, திரும்ப வேலைக்கு இறங்கினார். நாள் கணக்கில் மாஸ்க்குகளைச் சுழற்றுகிற முறையை அவரும் சொல்லியிருக்கிறார். ஆக அக்காவின் காக்கிக் கவரும் ஏதோ குடிசைத் தொழில் ஐடியா இல்லை.

இன்னொரு விஷயம். என்95-ஐ 0.3 மைக்ரான் அளவுத் துகளில்தான் சோதிப்பார்கள், அதில் 95 சதவீதமாவது பிடிக்கணும். "வைரஸ் அதை விடச் சின்னதாச்சே, உள்ள போயிடாதா?" என்று வாட்ஸ்அப் மாமாக்கள் கேட்டார்கள், ஞாபகம் இருக்கா? 0.3-க்குப் பக்கத்தில் இருக்கும் துகளைப் பிடிப்பதுதான் மிகக் கஷ்டம். அதனால்தான் அந்த அளவில் டெஸ்ட். அதை விடச் சின்னது காற்றில் தள்ளாடித் தள்ளாடிப் போய் இழையில் இன்னும் சுலபமாக முட்டிக்கொள்ளும். அதேபோல மாஸ்க்கில் சானிட்டைசர் அடித்தால் ஆல்கஹால் அந்த மின்னூட்டத்தையே காலி பண்ணிடும். பார்க்க அதே மாஸ்க்தான், வேலை மட்டும் செய்யாது.

இப்போ சப்ளைக்கு வருவோம். மாஸ்க்கை வெட்டி ஒட்டுகிற மெஷினைக் கொஞ்ச வாரத்தில் ஏற்பாடு பண்ணிடலாம். மெல்ட்ப்ளோன் மெஷின் அப்படி இல்லை. அதன் அச்சைத் துல்லியமாகக் கடைந்து, லைனை நிறுவி, தரமான துணி வரவைக்க மாதக்கணக்கில் ஆகும். 2020 தொடக்கத்தில் சீனாவில் கார் கம்பெனியான பிஒய்டி முதற்கொண்டு எல்லாரும் மாஸ்க் லைன் போட்டார்கள். துணிதான் இல்லை. அதன் விலை பல மடங்கு ஏறியது. கடைசியில் சினோபெக் என்கிற பெட்ரோலிய நிறுவனமே மெல்ட்ப்ளோன் ஆலை கட்ட வேண்டியதாயிற்று. உலக மாஸ்க் உற்பத்தியில் சுமார் பாதி ஏற்கெனவே சீனாவில். தொற்று ஆரம்பித்ததும் அங்கேதான்.

நம்ம ஆட்களுக்கு இது புரியக் கஷ்டம். தீபாவளி சேல் அன்னைக்கு டிராஃபிக் பத்து மடங்கு ஏறினால் சர்வர் தானாக ஏறும், மறுநாள் தானாக இறங்கும். இதில் நாம் மறந்துவிடுவது ஒன்று: அந்தக் கூடுதல் சர்வர்கள் எங்கேயோ ஏற்கெனவே கரண்ட் சாப்பிட்டுக்கொண்டு நின்றிருக்கின்றன. யாரோ ஒருவர் அதற்குக் காசு கட்டியிருக்கிறார்.

மாஸ்க்கிலும் ஒரு கம்பெனி அதைச் செய்திருந்தது. 2002-03 சார்ஸ் அனுபவத்துக்குப் பிறகு 3எம் சில லைன்களைக் கட்டி, ஓட்டாமல் சும்மா வைத்திருந்தது. 2020 ஜனவரியில் அவற்றை ஆன் பண்ணியது. இரண்டு மாதத்துக்குள் உலக அளவில் அதன் என்95 உற்பத்தி இரட்டிப்பாகி மாதம் 10 கோடியைத் தொட்டது. ஆனால் பற்றவில்லை. கடுமையான தொற்று ஓர் ஆண்டு நீடித்தால் அமெரிக்காவுக்கு மட்டும் 350 கோடி என்95 தேவைப்படலாம் என்பது அந்நாட்டு அரசே சொன்ன மதிப்பீடு. அப்போது அவர்களின் தேசியக் கையிருப்பில் இருந்தது சுமார் 1.2 கோடி.

ஏன் அவ்வளவு குறைவு? 2009-இல் எச்1என்1 வந்தபோது அந்தக் கையிருப்பிலிருந்து சுமார் 8.5 கோடி என்95 எடுத்துக் கொடுத்தார்கள். திரும்ப நிரப்பவில்லை. அவ்வளவுதான் கதை. 2018-இல் ஒரு நாளைக்கு 15 லட்சம் என்95 தயாரிக்கிற அதிவேக மெஷினுக்கு அரசு செலவில் டிசைன்கூட வரைந்தார்கள். டிசைனோடு நின்றது.

கலிஃபோர்னியா கதை இன்னும் வயிற்றெரிச்சல். 2006-இல் பறவைக் காய்ச்சல் பயத்தில் ஆளுநர் ஷ்வார்ஸ்நெக்கர், ஆமாம், நம்ம டெர்மினேட்டர்தான், நடமாடும் மருத்துவமனைகளோடு சுமார் 5 கோடி என்95 வாங்கிச் சேர்த்தார். 2011-இல் பட்ஜெட்டில் துண்டு. பராமரிக்கிற காசை நிறுத்தினார்கள். மிச்சமானது வருஷத்துக்கு அதிகபட்சம் 58 லட்சம் டாலர். கனடாவில் ரெஜைனா நகரக் கிடங்கை மூடும்போது சுமார் 20 லட்சம் காலாவதியான என்95-ஐக் குப்பையில் போட்டார்கள். எப்போ? 2019-இல். ஒரு வருஷம்கூடத் தள்ளவில்லை.

காலாவதி என்றால் என்ன என்பதையும் சொல்லிடறேன். பொதுவாகத் துணி அத்தனை சீக்கிரம் கெடாது. எலாஸ்டிக் பட்டையும் மூக்குப் பக்க ஸ்பாஞ்சும்தான் இற்றுப்போகும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், பல கிடங்குகளில் கிடந்த தேதி தாண்டிய மாஸ்க்குகளைச் சோதித்தபோது பெரும்பாலானவை வடிகட்டுவதில் பாஸ். ஆனாலும் பெட்டியை அடுக்கிப் பூட்டி வைத்துவிட்டு அஞ்சு வருஷம் கழித்துத் திறப்பது கையிருப்பே இல்லை. யாரும் ஒரு தடவைகூட ரீஸ்டோர் பண்ணிப் பார்க்காத பேக்கப் அது. நம்ம பாட்டிகள் அரிசி மூட்டையில் செய்ததுதான் சரி. புது மூட்டை வந்தால் அது பின்னாடி போகும், பழசு முன்னாடி வரும், எப்பவும் ரெண்டு மாசத்துக்கு வீட்டில் அரிசி இருக்கும். அரசுக் கிடங்கிலிருந்து மாஸ்க் தினமும் மருத்துவமனைக்குப் போய்க்கொண்டே இருக்கணும், புதுசு கிடங்குக்கு வந்துகொண்டே இருக்கணும். அப்போது எதுவும் காலாவதி ஆகாது. இதற்குக் கிடங்கும் ஆஸ்பத்திரியும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் அது தனி, இது தனி.

தயாரிப்பாளர் பக்கம் போனால் வேறு சோகம். டெக்சாஸில் ப்ரெஸ்டீஜ் அமெரிடெக் என்று ஒரு மாஸ்க் கம்பெனி. 2009-இல் எச்1என்1 வந்ததும் ஆள் எடுத்து, மெஷின் வாங்கி, உற்பத்தியை ஏற்றியது. காய்ச்சல் அடங்கியதும் மருத்துவமனைகள் மலிவான இறக்குமதிக்குத் திரும்பின. கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்தது. 2020 ஜனவரியில் அதன் நிர்வாகி மைக் போவென் அரசுக்கு எழுதினார்: நாலு என்95 லைன் சும்மா கிடக்கு, சேர்த்து ஓட்டினால் வாரம் 17 லட்சம் கொடுக்கலாம், ஆனால் நீங்கள் உறுதியாக ஆர்டர் கொடுக்கணும். அரசு அதை எடுத்துக்கொள்ளவில்லை. அவரும் சும்மா ஓட்டத் தயாரில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. ஒரு தடவை சுட்டுக்கொண்டவர்.

நம்ம ஊரிலும் இதன் ஒரு பாதி நடந்தது. 2020 தொடக்கத்தில் இந்தியாவில் முழு உடல் பாதுகாப்பு உடை தயாரிப்பு கிட்டத்தட்ட இல்லை, என்95 பெயருக்குத்தான். மே மாதம் பிரதமர் சொன்ன கணக்கு, இரண்டிலும் ஒரு நாளைக்கு 2 லட்சம். உடையைச் செயற்கை ரத்தம் ஊற்றிச் சோதித்துச் சான்று தருகிற வேலையை ஆரம்பத்தில் தோளில் சுமந்தது கோயம்புத்தூரின் சிட்ரா, அதாவது தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிலையம். திருப்பூரில் பனியன் தைத்த யூனிட்டுகள் மாஸ்க்குக்கும் பாதுகாப்பு உடைக்கும் மாறின. அந்த வேகம் நிஜமாகவே பெரிய சாதனை. ஆனால் அலை இறங்கியதும் ஆர்டரும் இறங்கியது, யூனிட்டுகள் பனியனுக்கே திரும்பின. அமெரிக்காவில் 2020-இல் புதுசாக முளைத்த மாஸ்க் கம்பெனிகளில் பலவும் அடுத்த வருஷமே மூடின. ஆக நம் பிரச்சினை தயாரிக்கத் தெரியாதது இல்லை. ரெண்டு தொற்றுக்கு நடுவில் இருக்கிற அமைதியான பத்து, பதினஞ்சு வருஷத்துக்கு யார் சோறு போடுவது என்பதுதான்.

தைவானைப் பற்றிச் சொல்லாமல் போனால் என்ஜினியர் என்று சொல்லிக்க எனக்கு வெட்கமாக இருக்கும். அங்கே அரசே மெஷின்களை வாங்கிக் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. லேத் மாதிரி இயந்திரங்கள் செய்கிற தொழிற்சாலைகளின் டெக்னீஷியன்கள் வந்து லைன்களை நிறுவினார்கள். ஒரு நாளைக்கு 20 லட்சத்துக்கும் குறைவாக இருந்த சர்ஜிக்கல் மாஸ்க் உற்பத்தி, சில மாதத்தில் சுமார் 2 கோடி. 2020 பிப்ரவரி 6 முதல் ஹெல்த் இன்ஷூரன்ஸ் கார்டைக் காட்டினால்தான் மாஸ்க், அதுவும் எண்ணி. நம்ம ரேஷன் கார்டு மாதிரியே. அதோடு எந்த மருந்துக்கடையில் எத்தனை மிச்சம் என்ற டேட்டாவை அமைச்சர் ஆட்ரி டாங் பொதுவில் திறந்துவிட்டார். அதை வைத்து டெவலப்பர்கள் மேப், சாட்பாட் என்று எழுதித் தள்ளினார்கள். அதே நேரத்தில் இங்கே அக்காவின் மருத்துவமனையில் ஸ்டோர் ரூமில் எத்தனை மாஸ்க் இருக்கு என்பது ஸ்டோர் கீப்பருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். பக்கத்துத் தெரு மருத்துவமனையில் உபரி இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது.

இவ்வளவும் தூக்கி எறிகிற மாஸ்க்கை வைத்தே யோசிப்பது. எனக்கு நியாயமாகத் தோன்றுகிற வழி வேறு: ஏன் தூக்கி எறியணும்?

எலாஸ்டோமெரிக் ரெஸ்பிரேட்டர் என்று ஒன்று இருக்கு. பெயர்தான் பெருசு. ஸ்ப்ரே பெயின்டிங் பட்டறையில் பார்த்திருப்பீங்க, ரப்பர் அல்லது சிலிக்கான் முகக்கவசம், ரெண்டு பக்கமும் வட்டமாக ஃபில்டர். முகப்பகுதியைத் துடைத்துக் கழுவி வருஷக்கணக்கில் போடலாம், ஃபில்டரை மட்டும் அவ்வப்போது மாற்றணும். பி100 ஃபில்டர் போட்டால் 99.97 சதவீதம் பிடிக்கும். ஒரு நர்ஸ் ஷிஃப்டுக்கு ஒரு என்95 என்றால் வருஷத்துக்கு முன்னூறு சொச்சம். இதில் ஒரு கவசமும் சில ஜோடி ஃபில்டரும். தொற்று உச்சத்தில் இருக்கும்போது ஒவ்வொரு நாளும் லாரி வந்தாகணும் என்ற கட்டாயம் போய்விடுகிறது. ஒரு தடவை கொடுத்தால் அந்த ஆள் மாதக்கணக்கில் தாங்குவார்.

இது பேப்பரில் மட்டும் இருக்கிற ஐடியாவும் இல்லை. மேரிலேண்ட் பல்கலைக்கழக மருத்துவமனை 2009 தட்டுப்பாட்டிலிருந்தே பயன்படுத்துகிறது. 2020-இல் பிட்ஸ்பர்க்கின் அலகெனி மருத்துவமனைக் குழுமம் இதற்கு மாறியது. என்95-ஐக் கிருமி நீக்கித் திரும்பத் திரும்பப் போடுவதோடு ஒப்பிட்டால் மாதச் செலவு பத்தில் ஒரு பங்கோ அதற்கும் கீழோ என்று அவர்கள் கட்டுரை எழுதினார்கள்.

குறையும் இருக்கு. கனமானது. ஷிஃப்ட் முடிந்ததும் யார் கழுவுவது, எங்கே காய வைப்பது என்று ஒரு ஏற்பாடு வேணும். பழைய மாடல்களில் மூச்சு விடுகிற வால்வு வழியாக நம் காற்று வடிகட்டாமல் வெளியே போகும். இந்தியச் சுகாதாரத் துறையே 2020 ஜூலையில் வால்வு வைத்த என்95 பொதுமக்களுக்கு வேண்டாம் என்று மாநிலங்களுக்கு எழுதியது. இப்போது வால்வு இல்லாத எலாஸ்டோமெரிக்குகளும் வந்துவிட்டன, முதலாவதுக்கு நியாஷ் 2020-இன் கடைசியில் அனுமதி கொடுத்தது. பேச்சுச் சத்தம் மட்டும் இன்னும் பிரச்சினைதான். பாரிமுனைப் பக்கம் ஒரு சேஃப்டி பொருள் கடையில் ஒன்றை வாங்கிப் போய் அக்காகிட்ட கொடுத்தேன். மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் வீட்டைச் சுற்றி நடந்தாங்க. "டேய், மூச்சு ஈஸியா இருக்குடா. ஆனா நான் சொல்றது டாக்டருக்குக் கேட்காது." ஒரு செகண்ட் யோசித்துவிட்டு, "இப்ப மட்டும் கேட்குதா என்ன" என்றாங்க.

அளவு சரியாக இருக்கணும் என்பதும் உண்டு. எந்த ரெஸ்பிரேட்டரும் முகத்தோடு ஒட்டாவிட்டால் ஓரமாகக் காற்று நுழையும், ஃபில்டர் 99.97 என்றாலும் வீண். அதற்கு ஃபிட் டெஸ்ட் உண்டு. தலைக்கு மேல் ஒரு மூடி மாட்டி, உள்ளே கசப்பு மருந்தை ஸ்ப்ரே அடிப்பார்கள். தலையை ஆட்டணும், பேசணும், குனியணும். கசந்தால் ஃபெயில், வேறு சைஸ், வேறு மாடல். என்95 காதில் மாட்டுகிற வகையைவிடத் தலைக்குப் பின்னால் ரெண்டு பட்டை போகிற வகை பொதுவாக நன்றாக ஒட்டும். நம் தெருவில் விற்றவை பெரும்பாலும் காதில் மாட்டுகிறவை. வாங்கும்போது பட்டையைப் பாருங்க, ஐஎஸ் 9473 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கா பாருங்க. நர்சிங்கில் அத்தனை வருஷம் இருந்தும் அக்காவுக்கு ஒரு தடவைகூட ஃபிட் டெஸ்ட் செய்ததில்லை. ஒரு நாட்டின் கையிருப்பில் கோடி மாஸ்க் இருந்தும், அதில் பாதி பெண்களின் முகத்துக்குப் பெரிதாக இருந்தால் அது அரைக் கோடிதான்.

சரி, அமைதியான வருஷங்களில் யார் வாங்குவார்கள் என்ற கேள்வி. இந்தியாவுக்கு இதற்குப் பதில் இருக்குன்னு நினைக்கிறேன், கொஞ்சம் வருத்தமான பதில். உலகக் காசநோயில் நாலில் ஒரு பங்குக்கு மேல் இங்கேதான். அதுவும் காற்றில் பரவுவதுதான். காசநோய் வார்டில் வேலை செய்பவருக்கு எல்லா வருஷமும் தொற்று வருஷம்தான். கல்குவாரியில், கிரஷரில், டைல்ஸ் அறுக்கிற இடத்தில் சிலிக்கா தூசு நுரையீரலைக் கல்லாக்குகிறது. அங்கே பெரும்பாலும் மூக்கில் கட்டியிருப்பது ஒரு துண்டு. துண்டு அந்தத் தூசில் ஆபத்தான நுண்துகளைப் பிடிக்காது. என் ஃப்ளாட்டுக்கு எதிரே கட்டடம் எழும்புகிறது. மார்பிள் அறுக்கும்போது நான் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன். அறுக்கிறவருக்குச் சாத்த ஜன்னல் இல்லை.

இவர்களுக்கெல்லாம் முறையாக ரெஸ்பிரேட்டர் கொடுத்தாலே வருஷம் முழுக்க ஆர்டர் இருக்கும். கோயம்புத்தூர், திருப்பூர் லைன்கள் ஓடிக்கொண்டே இருக்கும், ஆள் பழகியிருப்பார், ஃபில்டர் ஸ்டாக் சுழன்றுகொண்டே இருக்கும். தொற்று வரும் நாளில் ஷிஃப்டைக் கூட்டினால் போதும். காசு யார் தருவது? காசநோய் வார்டுக்கு அரசு, குவாரிக்கு முதலாளி. தூசியிலிருந்து தொழிலாளியைக் காப்பது முதலாளியின் பொறுப்பு என்று சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. கேட்கிற ஆள்தான் குறைவு.

இந்த எபிசோடுக்காகப் போன வாரம் அக்காகிட்ட, "உங்க ஸ்டோர்ல இப்போ எத்தனை நாளைக்கு ஸ்டாக் இருக்கு?" என்று கேட்டேன். தெரியலைன்னாங்க. மறுநாள் ஸ்டோர் கீப்பரைக் கேட்டுவிட்டு வந்து சொன்னாங்க: அவருக்கும் எண்ணிப் பார்த்தால்தான் தெரியுமாம். உங்கள் வீட்டில் யாராவது மருத்துவமனையில், லேபில், குவாரியில், கட்டட வேலையில் இருந்தால் இதே கேள்வியைக் கேட்டு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஃபிட் டெஸ்ட் செய்திருக்காங்களா என்றும் கேளுங்க. வருகிற பதில்களை அடுத்த எபிசோட் தொடக்கத்தில் போடுறேன், நிறுவனப் பெயர் இல்லாமல்.